கடைக்காணிக்கும் தண்ணீர்: இலோக்கானோ மக்களின் மண், மொழி, மறை

பிலிப்பைன்ஸ் என்றதும் எம்மவரில் வயதானோருக்கு வேரித்தாஸ் வானொலியே முதலில் நினைவுக்கு வரும். மின்சாரம் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி, அந்நாட்டிலிருந்து சிற்றலையில் வந்த தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்ட குடும்பங்கள் எத்தனையோ. 2018 இல் அந்தச் சிற்றலைச் சேவை நின்றுவிட்டது. நெல் விதைக்கும் கமக்காரருக்கோ, அங்கே 1960 இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும், அந்நிலையம் 1966 இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்ற நெல்லினமும் தெரிந்திருக்கும்.

ஆயினும், அந்நாட்டில் சேற்றில் இறங்கி நெல் நடுகின்ற கமக்காரரைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. அவர்களுள் ஓர் இனத்தவரான இலோக்கானோ மக்களை இங்கே எமது வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். காரணம் இதுதான்: இம்மக்கள் இருநூறு ஆண்டுகளாகத் தம் ஊரைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மலை கடந்தார்கள், கடல் கடந்தார்கள். அப்படியிருந்தும் இலோக்கானோக்களாகவே இருக்கிறார்கள். எதைக் கையோடு கொண்டுபோனார்கள், எதைக் கொண்டுபோக மறந்தார்கள் என்பதை அறிவது, காணியைவிட்டு வந்து வேறோர் ஊரில் வாழும் எம் குடும்பங்களுக்குப் பயன் தரும்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிகப் பெரிய தீவு லூசோன். அதன் வடமேற்குக் கரையிலே, ஒரு பக்கம் கோர்டில்லேரா மலைத்தொடர், மறுபக்கம் தென்சீனக் கடல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நீண்ட கரைநிலமே இலோக்கோஸ். இலோக்கோஸ் நோர்ட்டே, இலோக்கோஸ் சூர், லா யூனியன் ஆகிய மாகாணங்கள் இம்மக்களின் தாயகம் எனலாம். சிறு குடாக்களின் கரையில் வாழ்வோர் என்பதே அவர்களுடைய பெயரின் பொருள் என்று பலரும் கூறுவர்.

அங்கே ஏறத்தாழ ஆறு மாதம் மழை, ஆறு மாதம் வறட்சி. மழைக்காலத்தில் புயல்களும் வரும். நிலம் குறைவு, அதில் வாழும் சனமோ அதிகம். ஆகையால் இவர்கள் உழைப்புக்கும் சிக்கனத்துக்கும் பேர்பெற்றவர்கள். நெல் அறுத்த வயலிலே புகையிலை, உள்ளி, வெங்காயம் என்று மறுபயிர் செய்வார்கள். பாகற்காய், கத்தரி, வெண்டி ஆகியவற்றை மீன்சாந்து சேர்த்துச் சுண்ட வைக்கும் பினாக்பெட் என்னும் கறியே அவர்களின் வீட்டுச் சாப்பாடு. முருங்கையிலையும் விரும்பி உண்பர். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் மருங்கை! யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், காய்கறிச் சந்தையில் அவருக்கு அந்நியம் என்று ஒன்றும் இராது.

தண்ணீரைப் பங்கிடும் சங்கம்

இலோக்கோஸ் ஆறுகள் மலையிலிருந்து விரைந்து இறங்கிக் கடலில் விழுபவை. மாரியில் பெருவெள்ளம், கோடையில் வெறும் மணல். இந்த ஆறுகளை மறித்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் கமக்காரரே. அதற்காக அவர்கள் அமைத்த சங்கத்துக்குச் சங்ஹேரா என்று பெயர். வாய்க்காலைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இத்தகைய நீர்ப்பாசனச் சங்கங்கள் அந்நாட்டில் இருந்ததை 1630 ஆம் ஆண்டளவிலேயே ஸ்பானியக் குருக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இச்சங்கங்கள் பலவற்றின் தொடக்கம் காணியற்றவர்களின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. காணி உள்ளவரிடம் தண்ணீர் இல்லை. காணியற்றவரிடம் உழைப்பு உண்டு. "நாங்கள் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, உங்கள் காணி முழுவதற்கும் தண்ணீர் கொண்டு வருகிறோம். அதற்கு ஈடாக ஒரு பகுதியை நாங்கள் தொடர்ந்து விதைக்கும் உரிமையைத் தாருங்கள்" என்பதே உடன்பாடு. இதனை அவர்கள் 'பியாங் தி தாகா', அதாவது நிலத்தைப் பங்கிடல் என்பர். உறுதி முதலாளியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் விதைக்கும் உரிமை சங்கத்தவர் கையில் இருக்கும். கையில் ஒரு சதமும் இல்லாத உழவன், தன் தோள்பலத்தை மட்டும் முதலாக வைத்து, அதுவும் தனியாக அன்றிக் கூட்டாக வைத்து, நிலத்தைப் பெற்ற வழி இது.

இப்படிக் கிடைத்த நிலத்தை எவ்வாறு பிரித்தார்கள் என்பதே எம் கவனத்துக்குரியது. சங்கத்தில் ஒருவருடைய பங்குக்கு 'அத்தார்' என்று பெயர். ஓர் அத்தார் ஒரே இடத்தில் கிடைக்கும் காணியன்று. வயல்வெளியை மேல், நடு, கடை என்று பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு துண்டு கொடுப்பார்கள். ஆகவே தலைவாய்க்காலுக்குப் பக்கத்துக் காணிக்காரர், கடைக்காணிக்காரர் என்ற பிரிவே அங்கு எழாது. எல்லோரும் மேலேயும் இருக்கிறார்கள், கீழேயும் இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைப்பகுதியை விதைக்காமல் விட்டுவிடுவோம் என்று ஒரே பேச்சில் தீர்த்துவிடலாம். இழப்பு எல்லோருக்கும் சமம். குளத்துத் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் மேல்வயலை மட்டும் விதைத்து, அதை எல்லோரும் பங்கு போடுகின்ற வழக்கத்தை அறிந்த எமது குளத்துக் கமக்காரருக்கு இதன் நியாயம் உடனே விளங்கும்.

இன்னுமொன்று உண்டு. சங்கத்தின் தலைவர் முதலான உத்தியோகத்தருக்குச் சம்பளம் கிடையாது. அவர்களின் சேவைக்காகச் சில வயல் துண்டுகளை ஒதுக்கி வைப்பார்கள். அத்துண்டுகள் எங்கே இருக்கும்? வாய்க்காலின் கடைசியிலே! கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால்தான் தலைவருக்கும் விளைச்சல். வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று எவரும் அவரிடம் போய் மன்றாடத் தேவையில்லை. அவரே மண்வெட்டியோடு முன்னே நிற்பார்.

இலோக்கோஸ் நோர்ட்டேயில் பக்காரா, விந்தார் என்னும் ஊர்ப்புறங்களில் இப்படியான ஒன்பது சங்கங்கள் ஒரே ஆற்றை மறிக்க ஒன்றுகூடிக் கூட்டமைப்பாயின. மூங்கில், வாழைத்தண்டு, இலைகுழை, மணல், கல் ஆகியவற்றால் நூறு மீற்றருக்கும் அதிக நீளமான அணை கட்டுவார்கள். வெள்ளம் வந்தால் அது அள்ளுண்டு போகும். சில ஆண்டுகளில் மூன்று நான்கு தடவைகள் உடையும். ஒவ்வொரு தடவையும் பங்குக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் வந்து திரும்பக் கட்டுவார்கள். வராதவருக்குத் தண்டம் உண்டு. வேலைநாளில் எல்லோருக்கும் உணவு சமைப்பதற்குப் பொறுப்பான ஒருவரும் சங்க உத்தியோகத்தரில் அடங்குவார். இந்தச் சங்கங்களை ஆராய்ந்து 1990 இல் நூல் எழுதியவர்களுள் ஒருவர் எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி. பொதுச்சொத்தை மக்கள் தாமே காக்க முடியும் என்று காட்டிய ஆய்வுகளுக்காக 2009 இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. உலகத்து அறிஞர்கள் பாடம் கேட்டது மூங்கில் அணை கட்டிய கமக்காரரிடம் என்பதை நாம் மறத்தலாகாது.

'எங்கள் பேச்சு'

இலோக்கானோ மொழிக்குச் சம்தோய் என்றொரு பெயரும் உண்டு. "இங்குள்ள எங்கள் பேச்சு" என்ற சொற்றொடர் சுருங்கி அப்படியாயிற்று என்பர். மலாய், மலகாசி, ஹவாயி மொழிகளின் தூரத்து உறவு இது. பிலிப்பைன்ஸில் தகாலோக், செபுவானோ மொழிகளுக்கு அடுத்ததாகப் பேசப்படும் பெருமொழி. 2020 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 87 இலட்சம் பேர் தம்மை இலோக்கானோ இனத்தவர் என்று பதிந்தனர்.

தமிழுக்கும் இம்மொழிக்கும் இரத்த உறவு இல்லை. எனினும் எமக்குப் பழக்கமான சில அழகுகள் அதில் உண்டு. வயலில் நிற்கும் நெல் 'பாகாய்', குற்றிய அரிசி 'பாகாஸ்', ஆக்கிய சோறு 'இன்னாபுய்'. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். உழுபவனுடைய மொழியில் மூன்று.

எங்கள் மொழியில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. இலோக்கானோவிலும் அப்படியே: 'தத்தாயோ' என்றால் கேட்பவரையும் சேர்த்த நாம், 'தக்காமி' என்றால் கேட்பவர் நீங்கலாக நாங்கள். நீயும் நானும் மட்டும் என்பதற்கு மூன்றாவதாக ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். கர்த்தர் கற்பித்த செபத்தை அவர்கள் 'அமாமி' என்று தொடங்குகிறார்கள். நாங்கள் 'எங்கள் தந்தையே' என்று தொடங்குவது போன்றதே அது. நன்றி சொல்வதற்கு அவர்கள் வழங்கும் சொற்றொடர் 'தியோஸ் தி அங்ஙினா'. "இறைவனே இதற்கு ஈடு செய்வார்" என்பது கருத்து. பட்ட நன்றிக்கு என் கையில் ஈடில்லை என்று ஒப்புக்கொள்ளும் ஏழையின் சொல் இது.

இம்மொழியில் முதல் நூல் 1621 இல் மணிலாவில் அச்சாகியது. அது ஒரு ஞானோபதேச நூல். மொழிபெயர்த்தவர் பிரான்சிஸ்கோ லோப்பெஸ் என்ற அகுஸ்தீன் சபைக் குரு. அக்காலத்து உள்ளூர் எழுத்தில், உயிர் சேராத மெய்யெழுத்தைத் தனியே எழுத வழியில்லை. லோப்பெஸ் அடிகள் எழுத்தின் கீழே சிறு சிலுவைக்குறி இட்டு மெய்யாக்கினார். எங்கள் எழுத்தில் மேலே வைக்கும் புள்ளி என்ன செய்கிறதோ அதையே அச்சிலுவை செய்தது. ஆயினும் அக்குறி நிலைக்கவில்லை. காலப்போக்கில் அந்த எழுத்தே மறைந்து றோமன் எழுத்து வந்தது.

லோப்பெஸ் அடிகளுக்கு உதவியவர் பெத்ரோ புக்கானெக் என்ற பார்வையற்ற கவிஞர் என்று மரபு கூறுகிறது. ஆற்றில் மிதந்து வந்த கூடையில் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டு, பாந்தாய் என்னும் ஊரின் துறவிகளிடம் வளர்ந்தவராம். இன்றும் இலோக்கானோக் கவிஞர் இருவர் மேடையில் கவியால் வாதிடும் போட்டிக்குப் 'புக்கானெகான்' என்றே பெயர். லாம்-ஆங் என்ற வீரனின் கதையைச் சொல்லும் அவர்களின் காவியம் வாய்மொழியாக வாழ்ந்து, 1889 அளவில் எழுத்தில் ஏறியது. அதே ஆண்டில் இசபெலோ தெ லொஸ் ரேயெஸ் என்பவர் 'எல் இலோக்கானோ' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1934 இல் பிறந்த 'பன்னாவாக்', அதாவது 'விடியல்' என்ற சஞ்சிகையைப் படித்தே நாட்டுப்புறத்தவர் பலர் வாசிப்பில் தேறினர்.

2012 இலிருந்து ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியில் கற்பிக்கும் ஒழுங்கு வந்தபோது இலோக்கானோவும் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டில் லா யூனியன் மாகாணம் அதனைத் தன் அலுவல் மொழியாக அறிவித்தது. ஆனால் 2024 இல் இயற்றப்பட்ட சட்டம் பாடசாலையில் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அரசு தருவதை அரசே எடுக்கும். வீட்டில் தாய் பேசுவதை எவரும் சட்டம் போட்டு எடுக்க முடியாது.

மறை

ஸ்பானியர் வருமுன் இம்மக்கள் முன்னோரையும், மரம், ஆறு, நிலம் ஆகியவற்றில் உறையும் ஆவிகளையும் வணங்கினர். மரம் வெட்டுமுன், அதில் வாழும் 'மங்மங்கிக்' ஆவிகளிடம் பொறுத்தருளும்படி பாட்டாகவே கேட்பார்களாம். 1572 இல் ஸ்பானியப் படை இக்கரைக்கு வந்தது. பின்னர் குருக்கள் வந்தனர். இன்று பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். பாவாய் என்னுமிடத்தில் 1710 இல் நிறைவுற்ற புனித அகுஸ்தீனார் ஆலயம், நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காகப் பருத்த 24 தாங்குசுவர்களோடு நிற்கிறது. ஆலயம் விழுந்தாலும் மணிக்கூண்டு அதன்மேல் விழாதபடி, கூண்டைத் தள்ளியே கட்டியிருக்கிறார்கள். 1993 இல் அது உலக மரபுச் சின்னமாகியது.

பழையவை முற்றாகப் போய்விடவில்லை. மரித்தவருக்கு உணவு படைப்பதை 'ஆதாங்' என்பர். கார்த்திகை 2 ஆம் திகதி மரித்த விசுவாசிகளின் நாளிலே மெழுகுதிரியோடு சோற்றுப்பண்டமும் வைப்பார்கள். செத்தவீட்டில் பெண்கள் இறந்தவரின் வாழ்வைச் சொல்லி அழுவது 'துங்-ஆவ்'. அதை ஒப்பாரி என்று சொன்னால் எமது தாய்மாருக்கு விளக்கம் தேவையில்லை. அடக்கம் முடிந்தபின் ஆற்றிலோ கடலிலோ தலைமுழுகும் வழக்கமும் உண்டு. நற்செய்தி ஒரு மண்ணில் வேரூன்றும்போது அந்த மண்ணின் கண்ணீரையும் ஏற்றுக்கொள்கிறது என்றே நாம் இதனைக் காண்கிறோம்.

திருச்சபை வரலாற்றில் நோவான ஒரு பக்கமும் இங்கு உண்டு. ஸ்பானிய அரசு 1782 இல் புகையிலையைத் தன் ஏகபோகமாக்கி, நூறு ஆண்டுகள் அதை நடத்தியது. குறித்த அளவு பயிரிட்டு, அரசு சொன்ன விலைக்கு அரசுக்கே விற்க வேண்டும். அளவு குறைந்தால் தண்டனை. பாத்தாக் என்ற ஊரில் 1860 இல் பிறந்த கிரெகோரியோ அக்லிப்பாய், அந்த அளவை நிறைவு செய்யாததற்காகப் பதினான்கு வயதில் பிடிபட்டார். பின்னர் அவர் குருவானார். சுதேசக் குருக்கள் ஒதுக்கப்பட்ட காலம் அது. நாட்டின் விடுதலைப் போரில் இணைந்த அவரை 1899 இல் திருச்சபை விலக்கியது. 1902 இல் பிலிப்பைன்ஸ் சுதந்திரத் திருச்சபை உருவாகி, அவர் அதன் தலைமை ஆயரானார். இலோக்கோஸில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. கத்தோலிக்கத் திருச்சபையும் இச்சபையும் 2021 இல் ஒன்று மற்றதன் திருமுழுக்கை ஏற்றுக்கொண்டன. நூற்றிருபது ஆண்டுப் புண் ஆறத் தொடங்கியிருக்கிறது.

மாட்டுவண்டிலும் கப்பலும்

ஒடுங்கிய நிலம் பிள்ளைகளுக்கெல்லாம் போதவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாக மாட்டுவண்டிலில் தெற்கே பங்கசினான், தார்லாக், நுவேவா எசிஹாவுக்கும், மலைக்கு அப்பால் ககாயான் பள்ளத்தாக்குக்கும் போனார்கள். காடு வெட்டிக் கழனி ஆக்கினார்கள்.

1906 மார்கழி 20 ஆம் திகதி பதினைந்து பேர் ஹவாய்த் தீவில் கப்பலிலிருந்து இறங்கினர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் தொகுதி இதுவே. 1946 வரையில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்கள் இவ்வாறு போயினர். அவர்களில் பெரும் பகுதியினர் இலோக்கானோக்கள். எமது மலையகத்து மக்களின் முன்னோர் பட்ட லயத்து வாழ்க்கையை அறிந்தோருக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. 1946 இல் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று அறிந்த முதலாளிகள், புதிதாகச் சுமார் 6,000 பேரை இலோக்கோஸிலிருந்து இறக்கினர். ஆனால் தொழிற்சங்கத்தவர் கப்பலிலேயே ஆள் வைத்து அவர்களைச் சங்கத்தில் சேர்த்துவிட்டனர். வேலைநிறுத்தம் 79 நாட்கள் நீடித்து வென்றது. 1965 புரட்டாதி 8 இல் கலிபோர்னியாவின் திலானோ ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்தியபோது, முன்னின்றவர் பங்கசினானில் பிறந்த இலோக்கானோவான லாரி இட்லியோங். மெக்சிக்கத் தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்தனர். ஐந்து ஆண்டுகளின் பின்னரே வெற்றி கிட்டியது.

இன்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இலோக்கானோ மொழியைப் பட்டப்படிப்பு வரை கற்கலாம். கூலியாகப் போனவனின் பேச்சு அங்கே பாடமாகியிருக்கிறது.

மற்றவரின் மண்

ஒரு மக்களின் புகழை மட்டும் சொன்னால் அது அரைக்கதை. இலோக்கானோக்கள் காடு என்று போய் வெட்டிய இடமெல்லாம் வெறுங்காடு அல்ல. ககாயான் பள்ளத்தாக்கில் இபானாக், கத்தாங் மக்கள் முன்னரே இருந்தனர். இன்று அங்கே எங்கும் கேட்பது இலோக்கானோ. அவர்களின் மொழிகளோ ஒடுங்கிவிட்டன. தெற்கே மிண்டனாவோ தீவில், 1939 இல் அமைத்த காணிக் குடியேற்ற நிர்வாகத்தின் மூலமும் பின்னரும் அரசு வடக்கிலிருந்து ஏழைக் கமக்காரரைக் குடியேற்றியது. அவர்களுள் இலோக்கானோக்களும் உண்டு. அரசு பொதுக்காணி என்று சொன்ன அந்நிலம் மோரோ முஸ்லிம்களும் லூமாட் பழங்குடியினரும் தலைமுறையாக வாழ்ந்த மண். காணிப் பிணக்கு வளர்ந்து, 1970களில் பெரும் போராயிற்று. குடியேறியவனும் ஏழை, இழந்தவனும் ஏழை. வரைபடத்தில் கோடு கீறியவர் இருவரும் அல்லர். காணியின் அருமையை இழந்து அறிந்த நாம், வேறொருவரின் கண்ணீர் ஊறிய நிலத்தில் கால் வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இங்கு முன்னர் இருந்தவர் எங்கே?

இலோக்கோஸ் நோர்ட்டேயில் 1917 இல் பிறந்த பேர்டினண்ட் மார்க்கோஸ் 1965 இல் நாட்டின் அதிபரானார். 1972 இல் இராணுவச் சட்டம் போட்டு ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலிட்டார். 1986 இல் மக்கள் எழுச்சியில் நாட்டைவிட்டு ஓடினார். எங்களவர் என்ற பாசத்தால் இலோக்கோஸில் பலர் அவரை இன்றும் போற்றுகின்றனர். ஆனால் தலைவருக்குரிய வயல் வாய்க்காலின் கடைசியில் என்பது அந்த மண்ணின் பழைய நியதி. அவரோ தலைவாய்க்காலிலேயே குந்திக்கொண்டார்.

ஊரைவிட்டுப் போகும்போது வயலையும் கிணற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பேச்சைக் கொண்டுபோகலாம். செபத்தையும் ஒப்பாரியையும் கொண்டுபோகலாம். கூடி வேலை செய்யும் பழக்கத்தையும், கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் நீதியையும் கொண்டுபோகலாம். இலோக்கானோ மக்கள் இவற்றைக் கொண்டுபோன இடங்களில் தழைத்தார்கள். அந்த நீதியை மற்றவருக்கு மறுத்த இடங்களில் பகை விளைந்தது.

கூடிப் பேசுவதற்கு

1. எமது கமக்காரர் சங்கத்தில் தலைவரின் காணி எங்கே இருக்கிறது? கடைக்காணிக்காரரின் குரல் கூட்டத்தில் கேட்கிறதா?

2. காணி உள்ளவரும் காணியற்ற இடம்பெயர்ந்த குடும்பங்களும், உழைப்பையும் நிலத்தையும் பங்கிட்டு உடன்பாடு செய்யக்கூடிய இடம் எமது ஊரில் உண்டா? அதை எழுத்தில் வைப்பது எப்படி?

3. எம் பிள்ளைகளுக்கு அவர்கள் பிறந்திராத எங்கள் ஊரின் வாய்க்கால், குளம், வயல் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

4. நாம் 'நாம்' என்று சொல்லும்போது, யாரைச் சேர்க்கிறோம்? யாரை வெளியே விடுகிறோம்?